பச்சை ஒயர் போய்ச் சேர்ந்த இடம்

என் கண்ணுக்கு,

நீ அனுப்பிய ஓவன் வந்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. "போட்டாச்சாம்மா?" என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம் "ஆள் வரணும்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆள் வந்துவிட்டான், வேலையும் நேற்றோடு முடிந்துவிட்டது. அதைப் போனில் சொல்லாமல் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றால் வேறு ஏதோ விஷயம் இருக்கிறது என்று உனக்கு இந்நேரம் தோன்றியிருக்கும். பயப்படாதே. இங்கே எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். அப்பாவுக்கு இருமல் வழக்கம்போல. எனக்கு முட்டி வழக்கம்போல. சொல்ல வேண்டியது பழைய கதை ஒன்று. அதை ஓவனில் இருந்து ஆரம்பித்தால்தான் எனக்கே கோர்வையாக வரும். பொறுமையாகப் படி.

அறுபத்து மூன்று வயதில் இவளுக்கு எதற்கு ஓவன் என்று நம் தங்க மைன் லைன் வீடுகளில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நீ கேட்கவில்லை. டிசம்பர் வந்தால் நானும் பக்கத்து வீட்டு மேரியக்காவும் கேக் மாவைக் கலந்து, தட்டில் ஊற்றி, மேலே பேர் எழுதிய சீட்டை ஒட்டி, ராபர்ட்சன்பேட்டை பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்பது உனக்குத் தெரியும். அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள், நாம் புத்தரைக் கும்பிடுகிறவர்கள். முந்திரியும் திராட்சையும் போட்ட கேக்குக்கு அந்தப் பேதமெல்லாம் கிடையாது. ஆனால் உள்ளே போன தட்டு எப்படி வேகிறது என்பதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கலந்து கொடுத்துவிட்டு வெளியே நிற்பதும், வெந்து வந்ததை வாங்கி வருவதும்தான் நம் வேலை. நடுவில் அங்கே என்ன நடக்கிறது என்று முப்பது வருடமாக எனக்கு ஆசை. இப்போது கண்ணாடிக் கதவு வைத்த ஓவன் வீட்டிலேயே வந்து நிற்கிறது. அதோடு வந்த புத்தகத்தை மூன்று தடவை படித்துவிட்டேன், கன்னடப் பக்கத்தையும் சேர்த்து.

நீதான் ஒரு கண்டிஷன் போட்டாய். "நீங்க பிளக்கைக் கையில எடுக்கவே கூடாது, லைசென்ஸ் இருக்கிற எலெக்ட்ரீஷியன்தான் வரணும், எர்த் சரியா இருக்கான்னு பாக்கச் சொல்லு" என்றாய். அதைச் சொல்லும்போது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். கரண்டு என்ற பேச்சு எடுத்தாலே உன் குரல் அப்படித்தான் ஆகும். அன்றைக்கு அதை ஒரு பெரிய விஷயமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பிள்ளைக்கு எப்போதும் பயம் என்று நினைத்துக்கொண்டு நந்திதுர்க் மைன் பக்கம் இருக்கும் எலெக்ட்ரீஷியன் அன்புவைக் கூப்பிட்டேன். பெங்களூரில் பெரிய பெரிய கடைகளுக்கெல்லாம் ஒயரிங் செய்கிறவன், வயது நாற்பது இருக்கும், பேச்சு குறைவு. பேச்சு குறைந்த ஆளிடம் கேள்வி கேட்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் என்பது உனக்குத் தெரியாததா என்ன.

வந்தவன் முதலில் ஓவனைப் பார்க்கவே இல்லை. அதன் முதுகில் ஒட்டியிருந்த சின்ன தகட்டைத்தான் பார்த்தான். மூவாயிரம் வாட் என்று எழுதியிருந்தது. பிறகு நம் வீட்டுச் சுவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது கம்பெனி காலத்து ஒயர் ஆன்ட்டி. இதுல ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன் ஓடும். ஓவனை இதுல மாட்டினா சுவத்துக்குள்ளயே ஒயர் சூடாகி உருகும்" என்றான். ஓவனுக்கு மீட்டர் பக்கத்தில் இருந்து தனி லைன் இழுக்க வேண்டும், அந்த லைனில் வேறு எதையும் மாட்டக் கூடாது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்ற பேச்சே கூடாது என்றான். கரண்டு ஆபீஸில் லோடு கூட்டி எழுதிக் கொடுக்க ஒரு விண்ணப்பத்தையும் அவனே நிரப்பினான். ஏன் இவ்வளவு தடிமனான ஒயர் என்று கேட்டேன். மெல்லிசு ஒயரில் நிறைய கரண்டு போனால் அது சூடாகும் என்றான். ஏன் சூடாக வேண்டும் என்று கேட்டேன். ஓவனுக்குள் இருக்கும் கம்பியும் அப்படித்தான் சூடாகிறது, அதைச் சூடாகச் சொல்லித்தான் வைத்திருக்கிறது, சுவரில் இருக்கிற ஒயரை யாரும் அப்படிச் சொல்லவில்லை என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போய் அவனுக்கு இரண்டாவது டீ போட்டேன்.

வேலை ஆரம்பிக்கும் முன் மெயினை அணைத்து, பீங்கான் பீஸ் கட்டையைப் பிடுங்கி என் கையில் கொடுத்தான். "மடியில வச்சிக்குங்க. யார் கேட்டாலும் குடுக்காதீங்க. நான் கேட்டாலும், உங்க முன்னாடி வந்து நின்னு கேட்டாத்தான் குடுக்கணும்." ஒயர்மேன்கள் அதைத் தங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தெரியாமல் யாராவது திரும்பச் சொருகிவிட்டால் உள்ளே வேலை செய்கிறவன் கதி என்ன ஆவது. இவன் பையில் ஓட்டை. ஆகவே அன்று காலை முழுக்க வீட்டுக் கரண்டு என் புடவை மடியில் இருந்தது. உன் அப்பா நியூஸ் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டார். கொடுக்கவில்லை. மைனில் ஷாஃப்ட் வாயில் நின்று பெல் அடித்து ஆயிரம் பேரைக் கேஜில் பாதாளத்துக்கு இறக்கி ஏற்றிய மனுஷன், என் முன்னால் வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார். ரொம்ப நன்றாக இருந்தது.

மத்தியானம் புது லைன் இழுத்து முடித்தான். சுவிட்சை ஓவனுக்கு மேலே வைக்காமல் ஒரு முழம் தள்ளி வைத்தான். ஓவன் தீப்பிடித்தால் அதன் மேல் கையை நீட்டியா அணைப்பீர்கள் என்று கேட்டான், நியாயம்தான். புது லைனின் எர்த்தை, வீட்டில் ஏற்கெனவே இருந்த பச்சை ஒயரோடு சேர்த்தான். அது, முன்பு நாம் சமைத்த, கரண்டில் சூடாகும் காயில் அடுப்புக்காகக் கம்பெனி ஒயர்மேன் ஒருவர் போட்டுக் கொடுத்தது. பிறகு என் முன்னால் வந்து நின்று பீஸ் கட்டையை வாங்கிச் சொருகிவிட்டு, ஒரு பல்பில் இரண்டு ஒயர் நீட்டிக்கொண்டிருக்கும் டெஸ்ட் லாம்ப்பை எடுத்தான். கரண்டு வரும் ஓட்டைக்கும் திரும்பும் ஓட்டைக்கும் வைத்தான், பல்பு எரிந்தது. கரண்டு வரும் ஓட்டைக்கும் எர்த்துக்கும் வைத்தான், எரியவில்லை. மறுபடி வைத்தான். எரியவில்லை. "எர்த் செத்துக் கெடக்குது ஆன்ட்டி" என்றான்.

அப்போது எனக்குக் கவலையே இல்லை, ஆர்வம்தான். ஒன்றும் செய்யாமல் சும்மா கிடப்பதற்கு ஒரு ஒயரா, அது செத்தால் என்ன, பிழைத்தால் என்ன என்று கேட்டேன். அவன் ஓவனின் உடம்பைத் தட்டிக் காட்டினான். "உள்ள எதனா ஒயர் பழுதாகி இந்தத் தகரத்தைத் தொட்டுச்சின்னா, தகரம் முழுக்க கரண்டு நிக்கும். எர்த் இருந்தா அது அந்த வழியா தரைக்குப் போயிடும், பீஸும் போயிடும். எர்த் இல்லன்னா அங்கயே நின்னுகினு இருக்கும், யாரு வந்து தொடுவாங்கன்னு. தொடறவங்க உடம்புதான் அப்புறம் அதுக்கு வழி." இதைச் சொல்லிவிட்டு அந்தப் பச்சை ஒயரைச் சுவரோடு பிடித்துக்கொண்டு போனான். நானும் பின்னாலேயே போனேன். சமையலறைச் சுவர், ஜன்னல் ஓரம், பின்சுவரில் ஒரு ஓட்டை, அதைத் தாண்டி வெளியே தண்ணீர்க் குழாய். குழாயில் ஐந்து சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே மடித்து, அழகாக முறுக்கிக் கட்டியிருந்தது. மேலே சுண்ணாம்புகூட அடித்திருந்தது. அன்பு குனிந்து பார்த்தான், நகத்தால் சுரண்டினான், சிரிக்க ஆரம்பித்தான். "இன்னா ஆன்ட்டி இது, பிளாஸ்டிக் பைப்புல எர்த் கட்டி வச்சிருக்கீங்க. யாரு கட்டுனது?"

கட்டியது நான்தான், கண்ணு. மைன் மூடி இரண்டு வருடம் இருக்கும். கம்பெனி போட்ட இரும்புக் குழாய் துருப்பிடித்து ஒழுகிக்கொண்டே இருந்தது. உன் அப்பா விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போய்விடுவார், வீட்டு வேலையெல்லாம் என் தலையில். ஒருநாள் பிளம்பரைக் கூப்பிட்டு இரும்பை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போடச் சொன்னேன். அறுத்து எடுக்கும்போது, குழாயில் கட்டியிருந்த பச்சை ஒயர் தனியாகத் தொங்கியது. "இது இன்னாம்மா?" என்று அவர் கேட்டார். "எதுக்கோ கட்டி வச்சிருப்பாங்க, இருந்த மாதிரியே கட்டிடலாம்" என்று சொல்லி, அவர் போன பிறகு நானே கட்டினேன். சடை பின்னுகிற கை அல்லவா, சுத்தமாகக் கட்டினேன். இரும்புக் குழாய் மண்ணுக்குள் போகிறது என்பதால்தான் ஒயர்மேன் அதில் கட்டியிருக்கிறார், பிளாஸ்டிக்கில் கட்டினால் அது வெறும் அலங்காரம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நம் லைன்களில் எல்லா வீட்டிலும் குழாயில்தான் எர்த். இருந்தது இருந்த மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அன்பு சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். குழாய் மாற்றியது பொங்கல் கழிந்த வாரம். எனக்குக் கரண்டு அடித்தது அதே தை மாதக் கடைசியில். இடையில் மூன்று வாரம்கூட இல்லை. நான் அப்படியே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் வேணுமா ஆன்ட்டி என்று அவன் கேட்டது காதில் விழுந்தது.

உனக்கு அந்த நாள் மறந்திருக்காது. ஆனாலும் நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இதுவரை சொன்னதே வேறு. உனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தாய். நான் சமையலறைத் தரையைக் கழுவி விட்டிருந்தேன், ஈரம் காயவில்லை. டீ வைக்கலாம் என்று, "டேய், அடுப்பு சுவிட்சைப் போடு" என்று உன்னைக் கூப்பிட்டேன். நீ ஈரக் கையோடு வந்து, ஸ்டூலில் ஏறி சுவிட்சைப் போட்டாய். இறங்கி வாசல் பக்கம் போனாய். நான் அடுப்பைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று அதன் தகரத்தைப் பிடித்தேன். அதற்குப் பிறகு எனக்கு நினைவு வந்தது ஆஸ்பத்திரியில்தான். இடது உள்ளங்கை வெந்து போய், இரண்டு விரல் அன்றிலிருந்து மடங்கியே இருக்கிறது. ராத்திரி ரயிலில் இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த உன் அப்பா, எப்படி ஆச்சு என்று கேட்டார். "பையன் ஈரக் கையோட சுவிட்ச் போட்டுட்டான்" என்று சொன்னேன். நான் சொன்ன முதல் வார்த்தையே அதுதான். நீ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். அவர் உன்னை அறைந்தார். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அவர் உன்மேல் கை வைத்ததே இல்லை.

இப்போது கேள். குழாயில் கட்டிய ஒயர் விஷயம் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. அதற்காக என்னை நீ மன்னித்துவிடுவாய், எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்தே செய்த ஒன்று இருக்கிறது. அந்த மூன்று வாரமும் அடுப்பைத் தொட்டால் சுருக்கென்றது. காலில் செருப்பு இருந்தால் லேசாக, இல்லாவிட்டால் கொஞ்சம் கூடுதலாக. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உன் அப்பா அன்றைக்கே அடுப்பைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார், அப்புறம் மண்ணெண்ணெய்க்கு நான்தான் வரிசையில் நிற்க வேண்டும். துணியால் பிடித்துச் சமாளித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் அவர் கேட்டபோது இது எனக்கு நினைவு இருந்தது. நினைவு இருந்துதான் உன் பேரைச் சொன்னேன். எல்லோரும் உடனே நம்பினார்கள். ஈரக்கை, சுவிட்ச், பையன் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வரும். ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு ஒரு மாதம் கழித்து. அப்படியே இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

அதுவரைக்கும் நீ எப்படி இருந்த பிள்ளை. டார்ச் பல்பையும் பழைய பேட்டரியையும் வைத்து செருப்பு அட்டைப் பெட்டிக்குள் விளக்கு எரிய வைப்பாய். ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்ப மாட்டியபின் இரண்டு திருகாணி மிச்சம் இருக்கிறது என்று முழிப்பாய். அப்பாவுக்கு உன்னை ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் படிக்க வைக்க ஆசை. அந்த நாளுக்குப் பிறகு நீ ஒரு பல்பைக்கூட மாற்றவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காமர்ஸ் எடுத்தாய், படித்தாய், நல்ல வேலையில்தான் இருக்கிறாய், குறையொன்றும் இல்லை. ஆனால் அந்த அட்டைப் பெட்டிப் பையன் எங்கே போனான் என்று நான் யோசித்ததே இல்லை. யோசித்தால் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் அல்லவா.

போன மாதம் உன் வீட்டுக்கு வந்தபோது நடந்ததை நான் மறக்கவில்லை. வீடு முழுக்க பிளக் பாயின்ட்டுகளுக்கு டேப் ஒட்டி வைத்திருக்கிறாய். கலை அதைக் காட்டி, "உங்க பையன் வீட்டுல போன் சார்ஜ் போடக்கூட பர்மிஷன் வாங்கணும் அத்தை" என்று கேலி செய்தாள், நானும் சிரித்தேன். மறுநாள் மைத்ரி கை கழுவிவிட்டு ஓடி வந்து ஃபேன் சுவிட்சைப் போட்டாள். நீ பாய்ந்து போய் அந்தக் குழந்தையின் கையில் அடித்தாய். ஐந்து வயதுக் குழந்தை விக்கி விக்கி அழுதது. அதோடு விட்டாயா, என் கையைப் பிடித்து அவளிடம் காட்டினாய். "ஆயா கையப் பாரு. அப்பா சின்ன வயசுல பண்ண வேலை இது" என்றாய். அப்புறம் பாத்ரூமுக்குள் போய் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. மைத்ரி என் மடங்கிய விரலைத் தடவிப் பார்த்து, "அப்பாவா பண்ணாரு ஆயா?" என்று கேட்டாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சாப்பிடலாம் வா என்று அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். இருபத்திரண்டு வருடத்துக் கோழைத்தனத்தில் இதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

முந்தாநாள் மாலை அன்பு போன பிறகு உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், ஒயர், சுருக்கென்றது, எல்லாவற்றையும். கத்துவார் என்று நினைத்தேன். டிவியை அணைத்துவிட்டு, "நான் அடிச்சேனே" என்று மட்டும் சொன்னார். பிறகு, "ரயில்ல வந்த அலுப்பு, அந்த பயம்... ஒரு வார்த்த அவன கேக்கல பாரு" என்றார். உனக்குப் போன் போடுகிறேன் என்று எழுந்தேன். "போன்ல சொல்லாத. போன்ல சொன்னா 'பரவால்லம்மா விடு'ன்னு சொல்லி வச்சிடுவான். உக்காந்து எழுது" என்றார். உன்னை அவருக்கு நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. மறுநாள் காலை அவரே கடப்பாரையை எடுத்துக்கொண்டு புதிய எர்த் குழி தோண்டப் போனார். எத்தனை ஆயிரம் அடிக்கு ஆட்களை இறக்கியவன், எனக்கு எட்டடி ஒரு குழியா என்று வீராப்பு வேறு. மூன்றாவது அடியில் பாறை, நாலாவது அடியில் இருமல். அன்பு அவரை உட்கார வைத்துவிட்டு, பாத்ரூம் தண்ணீர் போகும் ஈரமான இடமாகப் பார்த்து வேறு குழி தோண்டி, இரும்புக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினான். கோடையில் அதற்கு வாரம் இரண்டு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். ஊற்றுகிறேன்.

இந்த இரண்டாவது நாளில்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் நடந்தது. அன்புவிடம் என் கதையைச் சொல்லி, நாங்கள் எல்லோரும் பையனின் ஈரக்கைதான் காரணம் என்று நினைத்தோம் என்றேன். அவன் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "ஈரக் கையில சுவிட்ச் போட்டா, போட்டவனுக்குத்தான் அடிக்கும் ஆன்ட்டி. அடுப்பத் தொட்ட உங்களுக்கு எப்படி அடிக்கும்?" இவ்வளவு சின்னக் கேள்வி. ஒரு ஊர் முழுக்க மைன் வேலை பார்த்தவர்கள் இருந்தும் எவருக்கும் தோன்றாத கேள்வி. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடக் கூடாது என்பது சரிதான், மைத்ரிக்கு அதைச் சொல்லிக் கொடு. ஆனால் அன்று நடந்ததற்கும் உன் கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காய்ந்த கையோடு நீ போட்டிருந்தாலும் எனக்கு அதேதான் நடந்திருக்கும்.

அவன் அதோடு நிற்கவில்லை. என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். நான் எப்போதும் சொல்கிற மாதிரி, கரண்டு என்னைத் தூக்கி எறிந்துவிட்டது, அதனால்தான் பிழைத்தேன் என்று சொன்னேன். "தூக்கிப் போட்டிருந்தா உள்ளங்கை இப்படி வெந்திருக்காது. இது புடிச்சி வச்சிருந்திருக்கு. புடிச்சா நம்மளால கைய எடுக்கவே முடியாது, யாராச்சும் ஆஃப் பண்ணாத்தான் விடும்" என்றான். பிறகு ரொம்பச் சாதாரணமாக, குழிக்கு மண் தள்ளிக்கொண்டே, "யாரு ஆஃப் பண்ணாங்க?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை, கண்ணு. ஒருநாளும் நான் அதைக் கேட்டதே இல்லை. நேராக மேரியக்கா வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு முதலில் ஓடி வந்தவள் அவள்தான். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி, மொகமெல்லாம் ஒரு மாதிரி கீது" என்றாள். அன்றைக்கு அவள் உள்ளே வந்தபோது அடுப்பு சுவிட்ச் எப்படி இருந்தது என்று கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை, முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "ஆஃப்லதான் இருந்திச்சி. நான் பாத்துட்டுத்தானே உன்னத் தொட்டேன். உம் புள்ள ஸ்டூல் மேல நின்னுகினு இருந்தான், சுவிட்ச் மேல கைய வச்சிகினு. எறங்குடான்னா எறங்கமாட்டேன்னுட்டான். கைய எடுத்தா திரும்ப வந்துடும்னு அழுவறான். நான்தான் தூக்கி எறக்கினேன்." இதை ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரு கேட்டீங்க? அவன் போட்டான்னுதான் எல்லாரும் பேசிகினு இருந்தீங்க" என்றாள்.

நீ வாசலில் இருந்து திரும்பி ஓடி வந்திருக்கிறாய். அம்மாவைத் தொடாமல், கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடாமல், ஸ்டூலில் ஏறிச் சுவிட்சை அணைத்திருக்கிறாய். அப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அன்புவைக் கேட்டேன். அதைத்தான் செய்ய வேண்டும், பெரியவர்களுக்கே தோன்றாது, பிடித்திருப்பவரைப் போய்த் தொட்டு அவர்களும் சேர்ந்து போவார்கள் என்றான். பத்து வயதில் உனக்குத் தோன்றியிருக்கிறது. அன்று ராத்திரியே அந்தப் பிள்ளையைத்தான் உன் அப்பா அறைந்தார், என் பேச்சைக் கேட்டு. நீ அப்போதும் சொல்லவில்லை. உன்னால்தான் எல்லாம் என்று நீயே நம்பிவிட்டாய் போலிருக்கிறது. உன் அம்மா சொன்னால் உனக்கு அது உண்மைதானே.

ஓவன் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீ கேட்பாய். புது எர்த்தை மாட்டி டெஸ்ட் லாம்ப்பை வைத்தபோது பல்பு பளிச்சென்று எரிந்தது. எர்த் குழி வேலையோடு மீட்டர் பக்கத்தில் ஈஎல்சிபி என்று ஒரு பெட்டியும் வைத்திருக்கிறான். கரண்டு கொஞ்சம் வழிதவறினாலும் கண் மூடித் திறப்பதற்குள் வீட்டையே அணைத்துவிடும். அதில் ஒரு டெஸ்ட் பட்டன், மாதம் ஒருதடவை அமுக்கிப் பார்க்க வேண்டும். நான் நேற்றே ஆறு தடவை அமுக்கிவிட்டேன். டப்பென்று அணைவதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கிறது. உன் வீட்டில் இந்தப் பெட்டி இருக்கிறதா, எர்த் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பார். பார்த்துவிட்டு அந்த டேப்பையெல்லாம் பிய்த்துப் போடு. டேப் ஒட்டி உன் பிள்ளையைக் காப்பாற்ற முடியாது, பயம் காட்டியும் முடியாது. நேற்று சாயங்காலம் முதல் கேக்கை வைத்தேன். கண்ணாடி முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முழுதும் பார்த்தேன். நடு முதலில் பொங்குகிறது, ஓரம் முதலில் சிவக்கிறது. அது ஏன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, கண்டுபிடிப்பேன்.

மைத்ரிக்கு நீ ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறாய், நானும்தான். என் கையைத் தடவி அவள் கேட்டாளே, அந்தக் கேள்விக்கு. அவளை மடியில் உட்கார வைத்து, ஆயா கை வெந்தது ஆயாவின் தப்பால், ஆயா உயிரோடு இருப்பது அப்பாவால் என்று சொல்லு. அவளை அடித்ததற்கு மன்னிப்பும் கேள். குழந்தையிடம் கேட்பதற்கு வெட்கப்படாதே, நான் இப்போது உன்னிடம் கேட்கிற மாதிரி கேள். என்னை மன்னித்துவிடு. நான் பொய் சொன்னேன், அதை நீ சுமந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வாருங்கள். உன் அப்பா உன்னிடம் ஏதோ சொல்ல வேண்டுமாம், என்னவென்று என்னிடம் சொல்ல மறுக்கிறார். எனக்கும் உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உன்னைச் சுற்றி எட்டுப் பேர் இருந்தோம். ஒருவர் கேட்டிருந்தால்கூடப் போதும், யாரும் கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரியும், ஆனாலும் உன் வாயால் கேட்க வேண்டும். சுவிட்சை அணைத்தது யாருடா?

உன் அம்மா